கோடு போடும்போது ஊரில் யார் இருந்தார்கள்?

திருகோணமலையிலிருந்து புல்மோட்டைக்குச் செல்லும் வீதியில் பஸ்ஸில் போகும்போது நான் வீதியோரத்து அறிவித்தல் பலகைகளைப் பார்த்துக்கொண்டே போவது வழக்கம். நிலாவெளி, இறக்கக்கண்டி, கும்புறுப்பிட்டி, குச்சவெளி என்று ஊர்கள் கடந்து செல்லும். பலகைகளும் கடந்து செல்லும். ஓரிடத்தில் வனத் திணைக்களம், ஓரிடத்தில் தொல்லியல் திணைக்களம், ஓரிடத்தில் சுற்றுலா அதிகார சபை, ஓரிடத்தில் கனிய மணல். இந்த எல்லைக்குள் நுழையாதே, வெட்டாதே, தோண்டாதே என்பதுதான் அநேகமாக எல்லாவற்றினதும் சாரம். பத்திரிகைத் தொழிலில் கழிந்த ஆண்டுகளில் இந்தப் பலகைகளைச் செய்தியாகவே எண்ணிப் பழகிவிட்டேன். ஒரு பலகை புதிதாக நடப்பட்டால் அதன் பின்னால் ஒரு வர்த்தமானி இருக்கும். அந்த வர்த்தமானியைப் படிக்காத ஓர் ஊரும் இருக்கும்.

அண்மையில் குச்சவெளியில் இறங்கி, பல ஆண்டுகளாகத் தெரிந்த ஒரு விவசாயியோடு தேநீர்க் கடையில் பேசிக்கொண்டிருந்தேன். என்னைவிட இருபது வயது மூத்தவர். முத்துநகர்ப் பக்கத்துச் செய்திகளைப் பற்றிப் பேச்சு வந்தது. "அண்ணை, உங்கட பக்கமும் சூரிய மின்சாரம் எண்டு வந்தால் என்ன செய்வியள்?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "வெயிலோட எங்களுக்கென்ன சண்டை தம்பி? நெல்லுக் காயவைக்கிறதும் கருவாடு காயவைக்கிறதும் வெயிலிலதானே. கோடு போடேக்க எங்களைக் கேட்டவங்களோ எண்டதுதான் கதை."

அந்தக் கடைசி வாக்கியத்துக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சூரிய மின்சாரத்துக்கு நான் எதிரானவன் அல்லன். 2022 மார்ச் இறுதியில் இந்த நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் மின்சாரம் துண்டிக்கப்பட்டதை நாம் எல்லோரும் அனுபவித்தோம். எண்ணெய்க்கும் நிலக்கரிக்கும் டொலர் தேடி அலையும் ஒரு தீவு, தன் தலைக்கு மேலே கொளுத்தும் வெயிலைப் பயன்படுத்தாமல் விடுவது மடமை. கிழக்கின் வறண்ட சமவெளி அதற்கு ஏற்ற நிலம் என்பதிலும் ஐயமில்லை. ஆனால் சூரிய மின்சாரத்துக்கு இடம் வேண்டும். நிலத்தில் தகடுகளை நிறுத்தி அமைக்கும் நிலையத்துக்கு ஒரு மெகாவாட்டுக்கு ஏறத்தாழ 4 முதல் 5 ஏக்கர் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 50 மெகாவாட் என்றால் 200 ஏக்கருக்கு மேல். தமிழகத்தின் இராமநாதபுரம் மாவட்டத்தில் கமுதிக்கு அருகே 2016இல் இயங்கத் தொடங்கிய 648 மெகாவாட் நிலையம் ஏறத்தாழ 2,500 ஏக்கரில் பரந்து கிடக்கிறது. ஆகவே சூரிய மின்சாரம் என்பது மின்சாரப் பிரச்சினை மட்டுமன்று, அது காணிப் பிரச்சினையுமாகும். எந்தக் காணி, எந்தக் காணி கூடாது என்று வகுக்கும் விதியைத்தான் வலயப்படுத்தல் என்கிறோம்.

எங்கள் மாவட்டத்தில் அந்த விதி எப்படி எழுதப்பட்டு வந்திருக்கிறது என்பதற்குச் சம்பூரைவிடப் பொருத்தமான உதாரணம் இல்லை. 2006இல் போரினால் சம்பூர் மக்கள் இடம்பெயர்ந்தார்கள். 2007இல், அவர்கள் முகாம்களில் இருந்தபோது, அவர்களுடைய ஊர் உயர் பாதுகாப்பு வலயமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. 2011இல் அங்கே 500 மெகாவாட் அனல்மின் நிலையம் அமைக்க இலங்கை மின்சார சபையும் இந்தியாவின் தேசிய அனல்மின் கழகமும் கூட்டுக் கம்பனி அமைத்தன. 2012இல் 818 ஏக்கர் பாரிய கைத்தொழில்களுக்கான விசேட வலயமாயிற்று. 2015இல் புதிய ஜனாதிபதி அந்த அறிவித்தலை நீக்கினார், மக்கள் திரும்பத் தொடங்கினார்கள். 2016இல் நிலக்கரித் திட்டம் கைவிடப்பட்டது. 2025 ஏப்ரல் 5ஆம் திகதி, இந்தியப் பிரதமர் கொழும்புக்கு வந்திருந்தபோது, அதே கூட்டுக் கம்பனியின் 120 மெகாவாட் சூரிய மின் நிலையத்துக்கான ஆரம்ப நிகழ்வு காணொளி மூலம் நடைபெற்றது.

நிலக்கரிக்குப் பதிலாகச் சூரியன் என்பது நல்ல மாற்றம். அதை மறுப்பதற்கில்லை. ஆனால் பத்தொன்பது ஆண்டுகளில் அந்த நிலப்பரப்பின் மீது இத்தனை கோடுகள் விழுந்தன. முதற் கோடுகள் விழுந்தபோது மக்கள் ஊரில் இல்லை. 2025இன் நிகழ்வு நடந்தபோது மக்கள் ஊரில் இருந்தார்கள், ஆனால் அவர்களுடைய பிரதேச சபையில் உறுப்பினர்கள் இல்லை. உள்ளூராட்சி சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்து, தேர்தல் 2025 மே 6ஆம் திகதிதான் நடந்தது. கிழக்கு மாகாண சபையின் காலமோ 2017 செப்டம்பரிலேயே முடிந்து, அதன்பின் பல ஆண்டுகள் தேர்தலின்றியே கழிந்தன.

2007இன் அந்த வர்த்தமானி வெளிவந்தபோது நான் ஒரு செய்தி மேசையில் இருந்தேன். அதை மூன்று வரிச் செய்தியாக்கி உட்பக்கத்தில் போட்டவன் நானே. அதே பக்கத்தில் ஒரு நகைக்கடை விளம்பரம் கால்பக்கத்துக்கு இருந்தது. எல்லைகள் எவை, எந்தக் கிராமங்கள் உள்ளே வருகின்றன, ஆட்சேபிக்க வழியுண்டா என்று நான் யாரையும் கேட்கவில்லை. போர்ச் செய்திகள் குவிந்த காலம் அது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் ஒரு கிராமத்தின் தலைவிதி அந்த மூன்று வரிக்குள் இருந்தது. முகாமில் இருந்தவர்களின் கையில் வர்த்தமானி போய்ச் சேர்ந்திருக்காது, எங்கள் பத்திரிகை போயிருக்கக்கூடும். அந்த ஒரு வாய்ப்பையும் நான் வீணாக்கினேன்.

முத்துநகருக்கு வருவோம். திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த ஐயாயிரம் ஹெக்டேயருக்கு மேற்பட்ட நிலம் 1984இல் துறைமுக அதிகார சபைக்கு உரியதாக்கப்பட்டது. அந்த எல்லைக்குள் தமிழ், முஸ்லிம் விவசாயிகள் 1970களின் தொடக்கத்திலிருந்தே தாங்கள் நெல் விளைவித்து வருவதாகச் சொல்கிறார்கள். நாற்பது ஆண்டுகள் கழித்து அதில் ஒரு பகுதி சூரிய மின் உற்பத்திக்கென நிறுவனங்களுக்கு வழங்கப்பட்டு, 2025இல் விவசாயிகள் வயல்களிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். சுமார் 800 ஏக்கர் என்பது அவர்கள் தரப்புக் கணக்கு. மாவட்டச் செயலகத்துக்கு முன்னால் அவர்கள் சத்தியாக்கிரகம் இருந்தார்கள், கொழும்புவரை போனார்கள். அரச தரப்பின் வாதம் எளிமையானது: நிலம் துறைமுகத்துக்குரியது, பயிர் செய்தவர்களிடம் உரிமைப் பத்திரம் இல்லை.

சட்டப் புத்தகத்தை மட்டும் விரித்துவைத்தால் அந்த வாதத்துக்கு வலு இருக்கும். ஆனால் 1984 எத்தகைய ஆண்டு என்பதைக் குச்சவெளிப் பிரதேசத்தவர்களிடம் கேட்க வேண்டும். இப்பிரதேசத்தின் வடகோடியில் உள்ள தென்னைமரவாடி மக்கள் அந்த ஆண்டு டிசம்பரில்தான் ஊரைவிட்டு ஓடினார்கள். போர் முடிந்த பின்னரே அவர்களால் திரும்ப முடிந்தது. உயிரைக் காப்பாற்ற ஓடியவர்கள் உறுதிகளையும் ஒப்பங்களையும் பெட்டியில் அடுக்கிக்கொண்டு ஓடுவதில்லை. இந்த மாவட்டத்தில் "அத்துமீறிக் குடியிருப்பவர்" என்று ஒரு கோப்பில் எழுதப்படுகிறவர், பல வேளைகளில் பத்திரத்தைத் தொலைத்தவர், அல்லது பத்திரம் தருவதாகச் சொல்லப்பட்டுக் காத்திருந்தவர். பத்திரத்தை மட்டும் பார்த்து வரையும் வரைபடத்தில் அவரது வயல் வெற்றிடமாகவே தெரியும். சூரிய மின் நிலையத்துக்கு இடம் தேடுபவரின் கண்ணில் முதலில் படுவதும் அந்த வெற்றிடம்தான். வயல் ஏற்கெனவே மட்டமாக்கப்பட்ட நிலம், மரமில்லாத நிலம், வீதி அருகில், மின் கடத்தும் வழித்தடமும் அருகில் இருந்தால் செலவு இன்னும் குறையும். நல்ல வயலுக்கு வேண்டிய இலட்சணங்களும் நல்ல மின் நிலையத்துக்கு வேண்டிய இலட்சணங்களும் பெரும்பாலும் ஒன்றே. அதனால்தான் விதி தேவைப்படுகிறது.

இலங்கையில் இதற்கு விதியே இல்லையா என்று வெளிநாட்டிலுள்ள வாசகர்கள் கேட்கக்கூடும். இருக்கிறது, ஆனால் சிதறிக் கிடக்கிறது. 2007ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க நிலைபெறுதகு வலு அதிகார சபைச் சட்டத்தின்படி அமைச்சர் ஒரு பகுதியை வலு அபிவிருத்திப் பிரதேசமாக வர்த்தமானியில் பிரகடனம் செய்யலாம். தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1993இல் வெளியான பட்டியலின்படி 50 மெகாவாட்டுக்கு மேற்பட்ட புதுப்பிக்கத்தக்க மின் நிலையங்களும், 50 ஹெக்டேயருக்கு மேற்பட்ட நிலத்தைத் துப்புரவாக்கும் திட்டங்களும் சுற்றாடல் அனுமதி பெற வேண்டும். முழுமையான தாக்க மதிப்பீடு செய்யப்பட்டால் பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாட்கள் உண்டு. இதில் நம் கண்ணில் பட வேண்டியது "மேற்பட்ட" என்ற சொல். சரியாக 50 மெகாவாட் என்றால் அது மேற்பட்டதாகாது. ஏற்கெனவே துப்புரவாக்கப்பட்ட வயலில் அமைத்தால் துப்புரவாக்கும் விதியும் தொடாது என்று வாதிடலாம். நெல் விளையும் நிலத்தில் தகடு நடலாமா, குளத்தின் நீரேந்து பரப்பில் வேலி போடலாமா, மாடு மேய்ச்சலுக்குப் போகும் பாதையை மறிக்கலாமா என்பதெல்லாம் வெவ்வேறு சட்டங்களிலும் வெவ்வேறு திணைக்களங்களிலும் பிரிந்து கிடக்கின்றன. பிரதேச சபை அந்த நீண்ட வரிசையில் ஒரு பெயர், அவ்வளவே. காணி மாகாணத்துக்குரிய விடயம் என்று 13ஆம் திருத்தத்தில் எழுதப்பட்டிருந்தாலும், அரச காணியின் அதிகாரம் மத்திய அரசுக்கே உரியது என்று 2013 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்திருத்தம் சொன்ன தேசிய காணி ஆணைக்குழுவும் அமைக்கப்படாமலேயே போயிற்று.

தூரத்திலிருந்து எழுதப்படும் விதி எப்படியிருக்கும் என்பதைக் குச்சவெளியின் மீனவர்கள் 2005இலேயே கண்டவர்கள். சுனாமிக்குப் பிறகு கரையோரத்தில் வீடு கட்டக் கூடாத வலயம் அறிவிக்கப்பட்டபோது, தெற்கிலும் மேற்கிலும் அது 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். கரைவலை இழுப்பவனை கரையிலிருந்து 200 மீற்றர் தள்ளி வைத்தால் அவன் தொழில் என்னாகும் என்று கேட்கப்படவில்லை. எதிர்ப்பு வலுத்தபின் அந்த வலயம் தளர்த்தப்பட்டது. அதற்குள் எத்தனையோ குடும்பங்கள் தற்காலிகக் கொட்டில்களில் காத்துக் கிடந்தன. பின்னர் 2020இல் கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுரிமைகளுக்கென்று ஒரு ஜனாதிபதிச் செயலணி நியமிக்கப்பட்டது. அது அமைக்கப்பட்டபோது அதில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இருக்கவில்லை. கடலுக்கு ஒரு கோடு, காட்டுக்கு ஒரு கோடு, பழைய செங்கல்லுக்கு ஒரு கோடு, சுற்றுலாவுக்கு ஒரு கோடு. தனித்தனியே எடுத்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் சொல்லலாம். எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால்தான் விவசாயிக்கும் மீனவருக்கும் மிஞ்சுவது என்ன என்று தெரியும். அப்படி ஒரு வரைபடத்தைக் குச்சவெளியில் எந்தப் பொது இடத்திலும் நான் பார்த்ததில்லை.

புலம்பெயர்ந்த வாசகர்கள் வாழும் நாடுகளில் என்ன செய்கிறார்கள்? ஜேர்மனியில் நிலத்தில் அமைக்கும் சூரிய நிலையங்களுக்கான சலுகை விலையை 2010இலிருந்து நெடுஞ்சாலை, ரயில் பாதை ஓரங்களில் 110 மீற்றர் அகலப் பட்டைக்கும், கைவிடப்பட்ட இராணுவ, கைத்தொழில் நிலங்களுக்கும் எனச் சுருக்கி, சாதாரண விளைநிலத்துக்கு அதை நிறுத்தினார்கள். 2021இல் அந்தப் பட்டை 200 மீற்றராக அகன்றது. எங்கே அமைக்கலாம் என்பது முன்கூட்டியே எல்லோருக்கும் தெரியும். நிலையம் அமைந்த ஊராட்சிக்கு உற்பத்தியாகும் ஒவ்வொரு அலகுக்கும் 0.2 யூரோ சதம் வரை கொடுக்கவும் சட்டம் இடமளிக்கிறது. பிரான்ஸில் 2023 மார்ச்சில் வந்த சட்டம், புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்கான வலயங்களை ஊராட்சிகளே ஊராரைக் கலந்து அடையாளம் காண வேண்டும் என்கிறது.

கனடாவின் ஒன்றாரியோ மாகாணம் வேறொரு பாடத்தைத் தருகிறது. அங்கே 2009இல் வந்த பசுமை வலுச் சட்டம், காற்றாலைகளையும் சூரிய நிலையங்களையும் நகராட்சிகளின் வலய விதிகளுக்கு அப்பாற்பட்டவையாக்கியது. நோக்கம் நல்லது, வேகம் வேண்டும் என்பதே. விளைவு, கிராமப்புறத்தில் மூண்ட கசப்பு. அடுத்து வந்த அரசு அந்தச் சட்டத்தை நீக்கி 2019 ஜனவரி 1இலிருந்து நகராட்சிகளின் அதிகாரத்தைத் திருப்பிக் கொடுத்தது. ஊராரைத் தாண்டிப் போய்ச் சேமித்த காலம் பின்னர் எதிர்ப்பில் கரைந்தது. முத்துநகரில் நடந்ததும் இதுவே. சூரிய மின்சாரத்துக்கு இயல்பான நண்பர்களாக இருந்திருக்கக்கூடிய விவசாயிகள் அதன் எதிராளிகளாக்கப்பட்டார்கள்.

ஆகவே குச்சவெளிக்கு ஒரு விதி எழுதும் வாய்ப்பு என்னிடம் தரப்பட்டால் என்ன எழுதுவேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். 2025இல் புதிய பிரதேச சபை அமைந்திருப்பதால் இது வெறும் கற்பனையும் அன்று.

முதலாவதாக, விண்ணப்பம் வருமுன் வரைபடம் வர வேண்டும். குளங்கள், அவற்றின் நீரேந்து பரப்பு, வயல், வெங்காயம் வைக்கும் மேட்டுநிலம், மேய்ச்சல் தரை, சுடலை, மையவாடி, கருவாடு காயும் கரை எல்லாம் அதில் குறிக்கப்பட வேண்டும். பத்திரம் உள்ளவர், இல்லாதவர் என்று பாராமல், யார் எத்தனை ஆண்டுகளாக எந்த நிலத்தைப் பயன்படுத்துகிறார் என்பதைக் கிராம உத்தியோகத்தரும் விவசாய சம்மேளனமும் சேர்ந்து பதிய வேண்டும். இடம்பெயர்ந்து வேறிடத்தில் இருப்பவரின் காணியும் அதில் அவர் பெயரிலேயே இருக்க வேண்டும்.

இரண்டாவதாக, வரிசை வேண்டும். முதலில் பாடசாலை, வைத்தியசாலை, கூட்டுறவுக் கடை, நெற்களஞ்சியம் ஆகியவற்றின் கூரைகள். அடுத்து மண் அகழ்ந்து கைவிடப்பட்ட நிலம், பயிருக்கு உதவாத தரிசு. நீர்ப்பாசனம் உள்ள வயல் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. நம்முடைய சிறு குளங்கள் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நீர் வடியும் தொடர்கள். நடுவில் ஒரு நூறு ஏக்கரை மட்டமாக்கி வடிகாலைத் திருப்பினால் கீழேயுள்ள குளம் மாரியில் நிரம்பாது, அல்லது உடைக்கும்.

மூன்றாவதாக, அறிவித்தல் தமிழில், கோயிலிலும் பள்ளிவாசலிலும் சங்கக் கடையிலும் ஒட்டப்பட்டு, அறுபது நாட்களாவது இருக்க வேண்டும். பெரும்போக விதைப்புக் காலத்தில் அல்ல. ஊர்க் கூட்டம் நடத்தப்பட்டு, அதில் சொல்லப்பட்ட ஒவ்வோர் ஆட்சேபத்துக்கும் எழுத்தில் பதில் தரப்பட வேண்டும். மெகாவாட் எத்தனை என்று பார்க்காமல், ஏக்கர் எத்தனை என்று பார்த்து இது நடக்க வேண்டும்.

நான்காவதாக, பங்கு. 50 மெகாவாட் நிலையம் ஒன்று ஆண்டுக்கு ஏறத்தாழ எட்டுக் கோடி அலகு மின்சாரம் தரக்கூடும். அலகுக்குப் பத்துச் சதம் பிரதேச சபைக்குக் கொடுத்தாலே ஆண்டுக்கு எண்பது இலட்சம் ரூபாய். ஒரு குளத்தைத் திருத்தலாம். மின் கொள்வனவு ஒப்பந்தங்கள் பொதுவாக இருபது ஆண்டுகளுக்கே செய்யப்படுகின்றன. அதன் பின் தகடுகளையும் கொங்கிரீட் அடித்தளங்களையும் அகற்றி நிலத்தைப் பழையபடி ஒப்படைப்பதற்கான பணம் முதல் நாளே வைப்பிலிடப்பட வேண்டும். கம்பனிகள் மறைந்து போகலாம், கொங்கிரீட் மறையாது.

இவை பெரிய கோரிக்கைகள் அல்ல. இவற்றால் ஒரு திட்டம் ஓராண்டு தாமதிக்கலாம். சம்பூரில் நிலக்கரிக்காக வீணான ஐந்து ஆண்டுகளோடு ஒப்பிட்டால் அது பெரிய காலமன்று.

அன்று தேநீர்க் கடையிலிருந்து எழுந்தபோது அந்தப் பெரியவரிடம், பிரதேச சபைக்கு இப்படி ஒரு யோசனையை எழுதிக் கொடுத்தால் ஒப்பமிடுவீர்களா என்று கேட்டேன். "எழுதுங்கோ தம்பி. ஆனால் முதல்ல எனக்கு வாசிச்சுக் காட்டுங்கோ" என்றார். நியாயமான நிபந்தனை. எங்கள் மேசைகளில் நாங்கள் கடைப்பிடிக்கத் தவறியதும் அதுதான். அடுத்த மாதம் எழுதியதை எடுத்துக்கொண்டு அவரிடம் போகிறேன். வெளிநாட்டில் இருக்கும் குச்சவெளி, திரியாய், தென்னைமரவாடி உறவுகள் தங்கள் காணி எங்கே இருந்தது, எல்லை எது, எந்த ஆண்டுவரை பயிர் செய்தார்கள் என்பதை நினைவிருக்கும்போதே எழுதி, ஊரில் உள்ள ஒருவரிடமாவது கொடுத்து வையுங்கள். அடுத்த கோடு போடப்படும்போது நீங்களும் ஊரில் இருந்ததாக அது கணக்கிடப்படட்டும்.